ஓவன் ஹார்ட்: அந்தம்மாவைத் திட்டுறவங்களுக்கு நாலு பதில்

வருஷா வருஷம் மே 23 வந்தா போதும், ரெஸ்லிங் பார்க்கிற நம்ம பசங்க மத்தியில ஒரு ஒப்பாரி கிளம்பிடும். "ஓவன் ஹார்ட் மாதிரி ஒரு ஆளை ஹால் ஆஃப் ஃபேம்ல சேர்க்காம இருக்கலாமா? கம்பெனி ரெடியாத்தான் இருக்கு. அவர் பொண்டாட்டிதான் விட மாட்டேங்குது. செத்துப் போனவர் புகழை இப்படியா பூட்டி வைக்கிறது?" போன வாரம் என் நண்பன் ஒருத்தன் இதையே டீயை உறிஞ்சிக்கிட்டே சொன்னான். அங்கேயே சண்டை. டீ ஆறிப் போச்சு, சண்டை ஆறலை. அவன்கிட்ட வாயால சொல்ல முடியாததை இங்க எழுதித் தொலைச்சிடறேன்.

முதல்ல, ஓவன் ஹார்ட் யாருன்னே தெரியாதவங்களுக்கு ஒரு சின்ன அறிமுகம். டிரம்ப் கார்டு வச்சு விளையாடி, உயரம், எடை, பைசெப்ஸ் எல்லாம் மனப்பாடம் பண்ணின தலைமுறை இந்தப் பத்திகளைத் தாண்டிப் போகலாம். ஆனா போகாதீங்க, படிங்க :-)

கனடாவில கால்கரின்னு ஒரு ஊர். அங்கே ஸ்டூ ஹார்ட், ஹெலன் ஹார்ட் தம்பதிக்கு பன்னிரண்டு குழந்தைகள். கடைக்குட்டி ஓவன், பிறந்தது 1965 மே 7. அப்பா ஸ்டூ, 'ஸ்டாம்பீட் ரெஸ்லிங்' நடத்தினவர். வீட்டு அடித்தளத்துல ஒரு பயிற்சி அறை. அதுக்குப் பேரே 'டஞ்சன்', அதாவது பாதாளச் சிறை. அங்கே ஸ்டூ கையில மாட்டிக் கத்தினவங்கதான் பின்னாடி பெரிய பெரிய ஸ்டார் ஆனாங்க. ஓவனோட அண்ணன் பிரெட் ஹார்ட்டைத் தெரியாதவங்க இருக்க முடியாது. ரோஸ் கலர் டிரஸ், கூலிங் கிளாஸ், 'ஹிட்மேன்'. அவரேதான்.

ஓவன் அண்ணன் நிழல்ல வளர்ந்த ஆள் இல்லை. 1988-லயே ஜப்பான் போய் 'ஐ.டபிள்யூ.ஜி.பி. ஜூனியர் ஹெவிவெயிட்' பட்டம் வாங்கினவர். அதே வருஷம் டபிள்யூ.டபிள்யூ.எஃப்-ல முகமூடி மாட்டி 'ப்ளூ பிளேஸர்'னு வந்தார். எடுபடலை, போயிட்டார். திரும்பி வந்து, 1994-ல அண்ணனுக்கே எதிரியா மாறினார் பாருங்க, அப்போ பிடிச்சது கிராஃப். 1994 மார்ச் 20, நியூயார்க் மேடிசன் ஸ்கொயர் கார்டன், பத்தாவது ரெஸில்மேனியா. முதல் மேட்சே அண்ணன் - தம்பி. தம்பி ஜெயிச்சார், அதுவும் திருட்டுத்தனம் இல்லாம நேர்மையா. அதே ராத்திரி அண்ணன் யோகோசுனாவை ஜெயிச்சு சாம்பியன் ஆகி ரிங்குல கொண்டாடும்போது, தம்பி ஓரமா நின்னு ஒரு பார்வை பார்ப்பார். வசனமே கிடையாது. நம்ம ஊர் பங்காளிச் சண்டை மொத்தமும் அந்தப் பார்வையில இருக்கும்.

அப்புறம் அதே வருஷம் 'கிங் ஆஃப் தி ரிங்' பட்டம். யோகோசுனாவோட சேர்ந்தும், பிரிட்டிஷ் புல்டாகோட சேர்ந்தும் டேக் டீம் சாம்பியன். 1997 நவம்பர்ல மான்ட்ரியல்ல பிரெட்டை ஏமாத்தி பெல்ட்டைப் பிடுங்கினதும், பிரெட் எதிர் கம்பெனிக்குப் போனார். புல்டாகும் நைடார்ட்டும் பின்னாலேயே போனாங்க. ஓவன் மட்டும் அங்கேயே தங்கினார். வீட்டுல மனைவி மார்த்தா, பையன் ஓஜே, பொண்ணு அதீனா. கூட இருந்த வீரர்கள் இன்னிக்கும் ஓவனைப் பத்திச் சொல்றது ரெண்டே விஷயம்தான். ஒண்ணு, அவர் பண்ற குறும்பு. ரெண்டாவது, காசைக் கண்டபடி செலவு பண்ணாம சேர்த்து வைக்கிற குணம். சீக்கிரம் ரிட்டையர் ஆகி வீட்டோட இருக்கணும்னு ஆசைப்பட்ட மனுஷன்.

சரி, மேட்டருக்கு வருவோம்.

1999 மே 23. மிசௌரி மாநிலம் கான்சஸ் சிட்டி, கெம்பர் அரீனா. 'ஓவர் தி எட்ஜ்'னு ஒரு பே-பர்-வியூ நிகழ்ச்சி. விளிம்பைத் தாண்டின்னு அர்த்தம். பேரைப் பாருங்க, விதி எப்படி விளையாடுதுன்னு. ஓவனுக்குத் திரும்பவும் அந்த ப்ளூ பிளேஸர் வேஷம், இந்தத் தடவை காமெடியா. இறகு வச்ச மேலங்கி, முகமூடி, ஊருக்கு உபதேசம் பண்ற அசட்டு சூப்பர் ஹீரோ. கூரையிலிருந்து கயிறுல இறங்கி வரணும், ரிங்குக்குக் கொஞ்சம் மேலே வந்ததும் கொக்கியைத் தட்டிவிட்டுத் தொப்புன்னு விழணும், ஜனங்க சிரிக்கணும். இவ்வளவுதான் சீன்.

இறங்குறதுக்கு முன்னாடியே கொக்கி கழண்டுடுச்சு. சுமார் 78 அடி. ஏழு மாடி உயரம்னு வச்சுக்கங்க. மூலைக் கம்பத்துக்குப் பக்கத்துல மேல் கயிறுல நெஞ்சு மோதி, ரிங்குக்குள்ள விழுந்தார். டிவியில பார்த்தவங்களுக்கு அந்த நேரம் முன்னாடியே எடுத்த பேட்டி ஓடிக்கிட்டு இருந்ததால யாரும் பார்க்கலை. அரங்கத்துல 16,000-க்கும் மேற்பட்ட ஜனம். இருட்டுல என்னமோ விழுந்ததுன்னு மட்டும் தெரிஞ்சுது. பல பேர் இதுவும் ஷோவுல ஒரு பகுதின்னு நினைச்சாங்க. நினைக்க மாட்டாங்களா பின்னே? அப்படி நினைக்க வைக்கிறதுதானே அந்தத் தொழிலே. வர்ணனையாளர் ஜிம் ராஸ், இது நாடகம் இல்லை, நிஜம்னு டிவி ஜனங்களுக்குத் திரும்பத் திரும்பச் சொல்ல வேண்டியிருந்தது.

உள்ளுக்குள்ள ரத்தக்கசிவு. உயிர் போயிடுச்சு. வயசு 34.

ஷோ நிக்கலை. ஸ்ட்ரெச்சர் வெளியே போச்சு, கொஞ்ச நேரத்துல அடுத்த ஆட்டம் ஆரம்பம். அதே ரிங்குல. ஓவனோட டேக் டீம் கூட்டாளி ஜெஃப் ஜாரெட்டை அன்னிக்கு ராத்திரியே ரிங்குல இறக்கினாங்க. ஓவன் செத்த செய்தியை ஜிம் ராஸ் டிவியில சொன்னார். அரங்கத்துல டிக்கெட் வாங்கி உட்கார்ந்திருந்த ஜனங்களுக்கு மட்டும் யாரும் சொல்லலை. கடைசி மேட்ச்ல அண்டர்டேக்கர் ஆஸ்டினை ஜெயிச்சு பெல்ட் வாங்கினார். அண்டர்டேக்கருக்கு ஏழு உயிர்னு நம்ம பள்ளிக்கூடத்துல சத்தியம் பண்ணினோமே, ஞாபகம் இருக்கா? ஒரே உயிர் இருந்த ஒருத்தன் செத்த மேடையில அந்த ஏழு உயிர்க்காரர் ஜெயிச்சார். இது அவர் தப்பு இல்லை. போகச் சொன்னாங்க, போனார்.

இப்போ நண்பன் அடுக்கின வாதங்களை ஒண்ணு ஒண்ணா எடுத்துக்குவோம்.

1. "அது ஒரு விபத்துப்பா. யாருக்கு வேணாலும் நடக்கும்."

விபத்துன்னா என்ன? போற வழியில மரம் முறிஞ்சு தலையில விழுறது விபத்து. ஒரு ஆளை எழுபது அடி உயரத்துல தொங்கவிடணும்னா, அந்த ஒரு கொக்கி கழண்டாலும் பிடிச்சு நிறுத்த இன்னொண்ணு இருக்கணும். கிணறு வெட்ட இறங்குறவன் கூட இடுப்புல ஒரு கயிறு கட்டி, மேலே ஒருத்தனை நிக்க வைப்பான். சர்க்கஸ்ல கீழே வலை கட்டுவான். இங்கே ரெண்டும் இல்லை. இருந்தது பாய்மரக் கப்பல்ல பாயைச் சட்டுனு கழட்டிவிடப் பயன்படுத்துற மாதிரி ஒரு கொக்கி. கொஞ்சம் அழுத்தினாலே திறந்துக்கும். அது அந்தக் கொக்கியோட குறை இல்லை, அதைச் செஞ்சதே அதுக்குத்தான்.

ஏன் அந்தக் கொக்கி? பாதுகாப்பான கொக்கின்னா, இறங்கினதும் கழட்டக் கொஞ்ச நேரம் ஆகும். காமெடி கெட்டுப் போகும். சட்டுனு கழண்டாத்தான் தொப்புன்னு விழலாம், சிரிப்பு வரும். ஒரு நொடி சிரிப்புக்காக எடுத்த முடிவு அது. மார்த்தா 2020-ல 'டார்க் சைட் ஆஃப் தி ரிங்' தொடர்ல அந்தக் கொக்கியையும் பெல்ட்டையும் கேமரா முன்னாடி எடுத்துக் காட்டினார். பார்க்காதவங்க பாருங்க. பார்த்துட்டு அப்புறம் விபத்துன்னு சொல்லுங்க.

2. "ஷோ நடந்தே ஆகணும். ஓவனும் அதைத்தான் விரும்பியிருப்பார்."

இந்த வாதத்தைக் கேட்டா எனக்குப் பத்திக்கிட்டு வரும். செத்தவன் என்ன விரும்பியிருப்பான்னு சொல்ற உரிமை யாருக்கு? முதலாளிக்கா? தெருவுல ஒரு சாவு விழுந்தா, அந்தத் தெருவுல கல்யாண வீட்டுக்காரன் கூட மேளத்தை நிறுத்தச் சொல்வான். பக்கத்து வீட்டுச் சாவுக்கே அந்த மரியாதை. இங்கே செத்தது வீட்டு ஆள். செத்த இடம் அந்த ரிங்கே. போலீஸ் வந்து என்ன ஏதுன்னு பார்க்க வேண்டிய இடத்துல பூட்ஸ் காலோட ஆட்டம் போட்டாங்க.

'ஷோ நடந்தே ஆகணும்'ங்கிறது கலைஞன் தனக்குத் தானே சொல்லிக்கிற வார்த்தை. காய்ச்சலோட மேடை ஏறுற கூத்துக்காரன் சொல்லலாம், அழகா இருக்கும். டிக்கெட் காசைக் கையில வச்சிருக்கிறவன் சொன்னா அதுக்குப் பேரு வேற. அந்தக் கம்பெனி அதே வருஷம் அக்டோபர்ல, அதாவது ஓவன் செத்து அஞ்சே மாசத்துல, நாஸ்டாக்ல பங்கு வெளியிட்டது. நான் வேற ஒண்ணும் சொல்லலை. தேதிகளைப் பக்கத்துல பக்கத்துல வச்சுப் பாருங்க, போதும்.

மறுநாள் 'ராவ் இஸ் ஓவன்'னு ஒரு அஞ்சலி நிகழ்ச்சி நடத்தினாங்க. சக வீரர்கள் வேஷம் கலைச்சுட்டு அழுதாங்க. அந்தக் கண்ணீர் நிஜம். அதை நான் கேலி பண்ண மாட்டேன். ஆனா அன்னிக்கு அழ முடிஞ்சவங்களுக்கு முந்தின நாள் ஷோவை நிறுத்தியிருக்க முடியாதா?

3. "அதான் 18 மில்லியன் டாலர் வாங்கிட்டாங்களே!"

வாங்கினாங்க. மார்த்தா கேஸ் போட்டு, 2000 நவம்பர்ல கோர்ட்டுக்கு வெளியே 18 மில்லியன் டாலருக்கு முடிஞ்சது. அதுல ஒரு பங்கை வச்சு 'ஓவன் ஹார்ட் ஃபவுண்டேஷன்' ஆரம்பிச்சாங்க. வசதியில்லாத பிள்ளைகளுக்குப் படிப்புச் செலவு, வீடு இல்லாதவங்களுக்கு வீடு. தானும் படிச்சு கேம்பிரிட்ஜ்ல டாக்டர் பட்டம் வாங்கினாங்க. நஷ்டஈடு வாங்கினவங்க வாயை மூடிக்கணும்னு எந்தச் சட்டத்துல இருக்கு? பஸ் மோதி ஒருத்தர் செத்தா, கோர்ட்டு குடுக்கிற பணத்தை வாங்கிட்டு அந்தக் குடும்பம் பஸ் கம்பெனிக்குப் பாராட்டு விழா நடத்துமா?

இன்னொண்ணு. இந்தப் பணம் ஏன் கோர்ட் வாசல் ஏறித்தான் கிடைச்சுது? இந்தத் தொழிலோட ரகசியமே இங்கேதான் இருக்கு. வீரர்கள் யாரும் கம்பெனி ஊழியர்கள் கிடையாது, 'சுயேச்சை ஒப்பந்தக்காரர்'கள். டிரஸ் என்ன, பேர் என்ன, ஜெயிக்கிறதா தோக்குறதா, கூரையிலிருந்து குதிக்கிறதா, எல்லாம் முதலாளி முடிவு பண்ணுவார். ஆனா இன்ஷூரன்ஸ், பென்ஷன்னு கேட்டா "நீங்க எங்க ஆள் இல்லையே"ன்னுடுவாங்க. எப்படி இருக்கு கதை!

1989-ல நியூ ஜெர்ஸி மாநிலத்துல இதே கம்பெனி, "எங்களது விளையாட்டுப் போட்டி இல்லை, வெறும் பொழுதுபோக்கு"ன்னு ஒத்துக்கிச்சு. எதுக்கு? விளையாட்டு ஆணையத்தோட கண்காணிப்பும் கட்டணமும் வேணாம்னு. சரி, பொழுதுபோக்குன்னா நடிகர் சங்கம் மாதிரி ஒரு சங்கம் இருக்கணுமே? அதுவும் இல்லை. 1986-ல ஜெஸ்ஸி வென்சுரா சங்கம் வைக்கலாம்னு வாயைத் திறந்தார். விஷயம் முதலாளி காதுக்குப் போய், முளையிலேயே கிள்ளியாச்சு. போட்டுக் கொடுத்தது ஹல்க் ஹோகன்னு வென்சுராவுக்குப் பின்னாடி கேஸ்லதான் தெரிஞ்சுது. (அந்த வென்சுரா, ஓவன் செத்தப்போ மின்னசோட்டா மாநில கவர்னர். சங்கம் வைக்க முடியாதவர் மாநிலத்தையே ஆண்டார், பாருங்க.)

ஆக, விளையாட்டு இல்லை, அதனால ஆணையம் இல்லை. சினிமா இல்லை, அதனால சங்கம் இல்லை. வேலை இல்லை, அதனால இன்ஷூரன்ஸ் இல்லை. ஆனா சாவு மட்டும் அசல்.

4. "ரசிகர்களுக்காகவாவது விட்டுக் கொடுக்கலாமே?"

இதுதான் நண்பனோட கடைசி அஸ்திரம். அண்ணன் பிரெட்டே மார்த்தாவை வெளிப்படையா குறை சொல்லியிருக்கார், தம்பி பேரை ஜனங்க மறந்துடுவாங்கன்னு. பிரெட்டோட வலியை நான் மதிக்கிறேன். தம்பி செத்த அதே கெம்பர் அரீனாவுல, 1999 அக்டோபர் 4-ம் தேதி, கிறிஸ் பென்வாவோட அஞ்சலியா ஒரு மேட்ச் ஆடினவர் அவர். அந்தக் குடும்பமே இந்தச் சாவால ரெண்டு பட்டுச்சு. சில உடன்பிறப்புகள் கம்பெனி பக்கம், சிலர் மார்த்தா பக்கம். தாய் 2001-ல போனார், தகப்பன் 2003-ல போனார். யாரைக் குறை சொல்ல?

ஆனா ஹால் ஆஃப் ஃபேம்ங்கிறது என்ன? கட்டடமா? அப்படி ஒரு கட்டடத்தை அவங்க கட்டவே இல்லை. ரெஸில்மேனியா சமயத்துல டிக்கெட் வித்து, டிவியில காட்டுற இன்னொரு ஷோ. ஓவனை அங்கே சேர்த்தா யாருக்கு மரியாதை? "பாருங்க, குடும்பமே மன்னிச்சிடுச்சு, கணக்கு முடிஞ்சுது"ன்னு கம்பெனிக்கு ஒரு ரசீது கிடைக்கும். மார்த்தா குடுக்க மறுக்கிறது அந்த ரசீதைத்தான்.

புகழைப் பூட்டி வச்சாங்கன்னு சொல்றதும் பொய். 2010-ல அவங்க மறுபடி கேஸ் போட்டது, ஓவன் பேரையும் படத்தையும் வச்சு டிவிடி விக்கிறதை எதிர்த்தும், வர வேண்டிய ராயல்டி வரலைன்னும். அது 2013-ல சமரசமாச்சு. 2015-ல ஓவன் பேர்லயே தனி டிவிடி வந்துச்சு. ஆட்டங்கள் எல்லாம் அழிஞ்சா போச்சு? அந்த ரெஸில்மேனியா மேட்சை நினைச்ச நேரம் பார்க்கலாம்.

அது மட்டுமில்லை. 2021-ல ஏ.இ.டபிள்யூ.ன்னு வேறொரு கம்பெனியோட ஃபவுண்டேஷன் கைகோர்த்துச்சு. 2022 மே மாசம் 'ஓவன் ஹார்ட் கோப்பை' முதல் தடவையா நடந்துச்சு. ஆண்கள்ல ஆடம் கோல், பெண்கள்ல பிரிட் பேக்கர் ஜெயிச்சாங்க. பரிசு குடுக்க மார்த்தாவே மேடை ஏறினாங்க. புருஷனை விழுங்கின தொழில், அதே மாதிரி ஒரு ரிங், அதே மாதிரி கூச்சல். அங்கே ஏறி நிக்க எவ்வளவு மனசு வேணும்! இந்தம்மாவையா ரெஸ்லிங் விரோதி, பிடிவாதக்காரின்னு சொல்றீங்க? அவங்களுக்கு ரெஸ்லிங் மேல கோபம் இல்லை. ஒரே ஒரு கம்பெனி மேலதான் கோபம். அந்தக் கோபத்துக்கு 78 அடி உயரம்.

கடைசியா நமக்கு நாமே ஒண்ணு கேட்டுக்கணும், நண்பர்களே. அந்த ராத்திரி ஷோ ஏன் நிக்கலை? ஜனங்க எழுந்து போயிடலை, அதனால நிக்கலை. அரங்கத்துல இருந்தவங்களுக்காவது விஷயம் தெரியாது. டிவியில பார்த்தவங்களுக்குத் தெரியும். நான் அன்னிக்கு அமெரிக்காவுல இருந்து, காசு கட்டிப் பார்த்துக்கிட்டு இருந்திருந்தா டிவியை அணைச்சிருப்பேனா? நேர்மையா சொல்லணும்னா, அணைச்சிருக்க மாட்டேன். அடுத்து அண்டர்டேக்கர் மேட்ச் இருக்கேன்னு உட்கார்ந்திருப்பேன். இதை ஒத்துக்கத்தான் எனக்குக் கஷ்டமா இருக்கு. மார்த்தாவைத் திட்டுறவங்களுக்கும் அடிமனசுல இதே உறுத்தல்தான்னு நினைக்கிறேன். அவங்க மன்னிச்சிட்டா நமக்கும் சேர்த்து மன்னிப்பு கிடைச்ச மாதிரி ஆயிடும் இல்லையா? நிம்மதியா பார்க்கலாம்.

அந்த நிம்மதி நமக்கு வேண்டாம். ஓவனை நினைக்கணும்னா பத்தாவது ரெஸில்மேனியாவோட முதல் மேட்சைப் போட்டுப் பாருங்க. இருபது நிமிஷம். ஒரு கயிறு இல்லை, கொக்கி இல்லை, இறகு இல்லை. அண்ணனும் தம்பியும் அப்பாகிட்ட கத்துக்கிட்ட வித்தை மட்டும்தான். அந்த ஆளைப் பார்த்துட்டு, இவனுக்கு எதுக்குடா கூரையிலிருந்து இறங்குற கோமாளி வேஷம்னு உங்களுக்கே கோபம் வரும்.

வந்தா, அந்தக் கோபத்தைச் சரியான ஆள் மேல காட்டுங்க. டீக்கடை நண்பனுக்கும் சேர்த்துத்தான் சொல்றேன். அடுத்த டீ என் செலவு.